லண்டனில் பேசியதுதான் குற்றமா?

அன்புள்ள ஐயா,

டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புறப் பாணி) இசைக்குழுவுக்கு நடந்தது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுச் சண்டையை வீட்டுக்குள் பேச வேண்டும். அந்நிய மண்ணில் மேடையேறி சொந்த நாட்டு அதிபரைப் பழித்தால் ரசிகனுக்குக் கோபம் வராதா? காசு கொடுத்துக் கேட்டவனுக்கு இனி வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டுதானே?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உரிமை உண்டு. சிடி வாங்காமல் இருக்கலாம், திட்டிக் கடிதம் எழுதலாம். அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. 2003-இல் நடந்தது அதோடு நிற்கவில்லை.

மார்ச் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் அந்தக் குழுவின் பாடகி நேட்டலி மெயின்ஸ் பேசினார். இந்தப் போர் எங்களுக்கு வேண்டாம், அதிபர் புஷ் டெக்ஸாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம் என்றார். அவரும் டெக்ஸாஸ்காரர்தான், லபக் நகரத்தில் பிறந்தவர். பத்து நாளில் ஈராக் மீது படையெடுப்பு தொடங்கியது.

அந்நிய மண் என்கிறீர்கள். அந்தப் போரில் பிரிட்டனும் சேர்ந்துதான் இறங்கியது. பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானவர்கள் போர் வேண்டாம் என்று ஊர்வலம் போயிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளையும் அதே போருக்கு அனுப்பவிருந்த மக்கள் அவர்கள். அவர்களிடம் பேசக்கூடாது என்றால் வேறு யாரிடம் பேசுவது? அப்புறம், இதையே டெக்ஸாஸில் சொல்லியிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? நான் நம்பவில்லை. நான்கு நாளில் மெயின்ஸ் அதிபர் பதவிக்கு மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

க்யூமுலஸ் மீடியா என்ற நிறுவனம் தன் கன்ட்ரி இசை வானொலி நிலையங்களில் அவர்கள் பாட்டை ஒரு மாதம் நிறுத்தியது. இது ரசிகன் எடுத்த முடிவா? மேலிடத்து உத்தரவு அது. கேட்க விரும்பியவர்களுக்கும் சேர்த்து வானொலியை மூடினார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் வேறொரு நிலையத்தில், தடையை மீறி அவர்கள் பாட்டைப் போட்ட இரண்டு அறிவிப்பாளர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். லூயிசியானாவில் சிடிக்களைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். மெயின்ஸுக்குக் கொலை மிரட்டல் வந்தது, டல்லாஸில் போலீஸ் காவலோடு பாடினார்.

என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. அப்போது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்த அவர்கள் பாட்டு, வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பாத ஒரு சிப்பாய்ப் பையனையும் அவன் கடிதத்துக்குக் காத்திருந்த பெண்ணையும் பற்றியது. சிப்பாய்களை மதிக்கிறோம் என்று சொன்னவர்கள் அந்தப் பாட்டைத்தான் முதலில் நிறுத்தினார்கள்.

2007-இல் அவர்களுக்கு ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. சரி, நல்லதுதான். ஆனால் கன்ட்ரி வானொலியில் பழைய இடம் திரும்பவில்லை.

ரசிகனின் கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 2003 மே 1 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில்லில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியபோது, கூச்சல் போட வந்தவர்கள் தாராளமாகப் போடலாம் என்று சொல்லி மெயின்ஸ் 15 விநாடி ஒதுக்கினார். அரங்கம் கைதட்டி ஆரவாரம் செய்தது.