பெர்லினா பெங்களூரா? ஒரு தம்பிக்கு எழுதின பதில்

தம்பி, உங்க மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோங்க. லீவுக்கு பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்திருக்கேன், அப்பாவுக்கு டாக்டர், பேங்க், ஆதார்னு ஒரே அலைச்சல். நீங்க கேட்டது இதான்: வொய்ட்ஃபீல்டுல இப்ப வருஷத்துக்கு 32 லட்சம், பெர்லின்ல 65,000 யூரோ ஆஃபர், மூணு வயசுல பொண்ணு, "வைஃப் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க", எங்க வாழ்க்கை நல்லா இருக்கும்? நான் பெர்லின் போய் ஒன்பது வருஷம் ஆகுது, எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

முதல்ல அந்த யூரோவை நூறால பெருக்கறதை நிறுத்துங்க. 65,000ல வரி, பென்ஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாம் புடிச்சது போக, வைஃப் வேலைக்குப் போகலைன்னா உங்க கைக்கு மாசம் 3,700 வாக்குல வரும். ஹீட்டிங் சேத்து வாடகைக்கே 1,500 போயிடும், அதுவும் வீடு கிடைச்சா. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம், பத்து மாச அட்வான்ஸ் குடுத்துப் பழகின நமக்கு அதைக் கேட்டதும் ஆஹான்னு இருக்கும், அப்புறம் கதவைத் தொறந்து பாத்தா கிச்சனே இருக்காது, முன்னாடி இருந்தவன் சிங்க்கைக் கூடக் கழட்டிட்டுப் போயிருப்பான், சுவத்துல ரெண்டு பைப்பு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். டிவியே இல்லாட்டியும் டிவி ரேடியோவுக்குன்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டணும். மாசக் கடைசில கையில நிக்கறது இங்க நீங்க மிச்சம் புடிக்கறதை விடப் பெருசா ஒண்ணும் இருக்காது. பணம் சேக்கத்தான் போறீங்கன்னா வேண்டாம்.

அப்ப எதுக்குப் போகணும்னா, எனக்கு ரெண்டு காரணம். ஒண்ணு நேரம். எனக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு, அதை எடுக்கலைன்னா மேனேஜரே கூப்பிட்டு ஏன் எடுக்கலைன்னு கேக்கறார். உடம்பு சரியில்லைன்னா ஆறு வாரம் வரைக்கும் முழுச் சம்பளம், லீவு கணக்குல ஒரு நாளும் குறையாது. இங்க சில்க் போர்டுல சிக்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ரெண்டு மணி நேரம் அங்க எனக்குத் திரும்பக் கிடைச்சது.

ரெண்டாவது என் பொண்ணு. எட்டு வயசு, பையை மாட்டிக்கிட்டு தனியா ஸ்கூலுக்கு நடந்து போறா. ஒரு நாள் சந்தேகத்துல பின்னாடியே ஒளிஞ்சு போய்ப் பாத்தேன், ரோட்டுல ஒரு வண்டி கிடையாது, ஆனாலும் சிக்னல்ல பச்சை மனுஷன் வர்ற வரைக்கும் நின்னா, கையில ஒரு குச்சியை வெச்சு தரையில ஏதோ கிறுக்கிக்கிட்டு. இங்க என் தங்கச்சி பையனுக்கும் அதே வயசு, காலைல 6:50க்கு வேன், பாதித் தூக்கத்துல ஏத்தி விடணும். உங்க பொண்ணுக்கு அங்க டே கேர் ஃபீஸ் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் மாசம் 23 யூரோ, அது போக கவர்மென்டே குழந்தைக்குன்னு மாசம் 250க்கு மேல போடுது. ஆனா இடம் கிடைக்கறது பெரும்பாடு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பத்து இடத்துக்காவது மெயில் தட்டி விடுங்க.

டாக்டர் விஷயத்துல நம்ம ஊர்தான், சந்தேகமே வேண்டாம். அங்க தோல் டாக்டருக்கு போன் பண்ணா நாலு மாசம் கழிச்சு தேதி குடுத்தாங்க, அதுக்குள்ள அரிப்பு தானா போயிடுச்சு. இங்க போன வாரம் அப்பாவுக்கு நெஞ்சு படபடப்புன்னு காலைல சொன்னார், மத்தியானத்துக்குள்ள ஹார்ட் டாக்டர், எக்கோ, ரத்த டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது. பில்லைப் பாத்து எனக்குத்தான் படபடப்பு, கேக்காத டெஸ்டெல்லாம் அதுல இருந்துச்சு. அங்க பெரிய ஆபரேஷனே ஆனாலும் ஒரு நாளைக்கு பத்து யூரோ கட்டிட்டு வந்துடலாம், அதுவும் வருஷத்துக்கு 28 நாளைக்கு மேல கிடையாது.

இப்ப உங்க மெசேஜ்ல எனக்கு உறுத்தினதுக்கு வர்றேன். சம்பளம் பத்தி எட்டு வரி எழுதியிருக்கீங்க, வைஃப் பத்தி ஒரே வரி, அதுவும் "அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க". நானும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனேன். என் வைஃப் எம்.காம்., எம்.ஜி. ரோட்டுல ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல ஆறு பேருக்கு ஹெட்டா இருந்தவ. அங்க முதல் வருஷம் ஆபீஸ்ல எனக்கு இங்கிலீஷ் இருந்துச்சு, பேச ஆளு இருந்துச்சு, அவளுக்கு கடைக்காரி கேக்கற "பை வேணுமா"வுக்குக் கூடப் பதில் தெரியாது. டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும். ஒரு நாள் ஆறு மணிக்கு வந்து கதவைத் தொறக்கறேன், வீடு முழுக்க இருட்டு, சோஃபால உக்காந்திருக்கா. ஏன் லைட் போடலைன்னு கேட்டா, இருட்டினதே தெரியலைங்கறா. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு.

அவ வெளிய வந்தது மாவால. இங்கேர்ந்து தூக்கிட்டுப் போன டேபிள்டாப் கிரைண்டரை ஒரு ஞாயித்துக்கிழமை போட்டோம், அங்க ஞாயிறு சத்தம் போடக் கூடாதுன்னு நமக்கு எங்க தெரியும், கீழ் வீட்டுப் பாட்டி வந்து பெல் அடிச்சாங்க. இவ பயந்து போய் மறுநாள் நாலு இட்லி கொண்டு போய்க் குடுத்தா (மாவு பொங்கலை, ஓவன்ல லைட்டைப் போட்டு உள்ள வெச்சு ஒப்பேத்தினது, கல்லு மாதிரி இட்லி). பாட்டிக்கு இங்கிலீஷ் வராது, இவளுக்கு ஜெர்மன் வராது, ஆனா அன்னிக்கு ஒரு மணி நேரம் கழிச்சுதான் மேல வந்தா. அடுத்த வாரமே ஊர் நிர்வாகம் நடத்தற ஜெர்மன் மாலை வகுப்புல சேந்தா. பி2 (ஜெர்மன்ல ஏ1 ஆரம்பம், அப்புறம் ஏ2, பி1, பி2ன்னு படிப்படியா ஏறும்) முடிச்சு வேலை கிடைக்க மொத்தம் மூணரை வருஷம் ஆச்சு. ப்ளூ கார்டுல, அதாவது நம்மள மாதிரி படிச்சு வேலைக்குப் போறவங்களுக்குக் குடுக்கற பெர்மிட்ல, போறவங்க வைஃபுக்கு வேலை பாக்க தடை ஒண்ணும் கிடையாது, தடை பூரா பாஷைதான்.

பாஷைன்னதும் ஞாபகம் வருது. நம்ம தாத்தாங்க ஆற்காட்டுப் பக்கத்துலேர்ந்து கன்டோன்மென்ட்டுக்கு வந்தவங்க, வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ்னு வளந்தோம், நமக்கு அடுத்தவங்க பாஷையில பொழைக்கத் தெரியும்னு ஒரு மிதப்பு எனக்கு. அல்சூர் வள்ளுவர் சிலை எதிர்ப்பு வந்து 18 வருஷம் மூடியே கிடந்து 2009ல திறந்ததைப் பாத்தவன், ஒதுங்கி நிக்கறது எப்படின்னும் தெரியும். ஆனா கன்னடம் கோலி விளையாடும்போதே ஒட்டிக்கிச்சு, ஜெர்மன் அப்படி ஒட்டாது. பி1 முடிச்சா ப்ளூ கார்டுல 21 மாசத்துல பெர்மனென்ட் ரெசிடென்ஸ், ஏ1 மட்டும்னா 27 மாசம். உங்க வைஃப் இப்பவே இந்திரா நகர்ல ஜெர்மன் வகுப்புக்குப் போக ஆரம்பிக்கட்டும், நீங்க போகலைன்னாலும் பரவால்ல, அவங்க போகணும்.

நான் போகணுமா வேண்டாமான்னு சொல்ல மாட்டேன். நான் இன்னும் பதினோரு நாள் இங்கதான், ஏரிப் பக்கம் வீடு. ரெண்டு பேரும் ஒரு சாயங்காலம் வாங்க, நீங்க என்கிட்ட டாக்ஸ் பத்திக் கேளுங்க, உங்க வைஃப் எங்க வீட்டம்மாகிட்ட தனியா உக்காந்து பேசட்டும், நாம நடுவுல போகவேண்டாம். ஞாயித்துக்கிழமையே வந்தாலும் சரி, இங்க கிரைண்டர் போட்டுக்கலாம்.