புது டிராக்டர் சேற்றில் உட்கார்ந்தால்?

கேள்வி: ஏப்ரலில் 7 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வங்கிக் கடனில் புது டிராக்டர் எடுத்தேன். சொந்தமாக நாலு ஏக்கர், மீதி நேரம் அக்கம்பக்கத்து வயலுக்கு நானே வாடகைக்கு ஓட்டுகிறேன். மேட்டூர் திறந்து குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கியதும் பிரச்சினை. ஆயில் சூடானால், பின்னால் கருவியைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் தானாக இறங்கி, உழுகிற ரொட்டவேட்டர் சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. நாலு தடவை சர்வீஸுக்கு விட்டாயிற்று, "ஓட ஓட சரியாகிடும்ணே" என்கிறார்கள். வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியுமா? தவணையை நிறுத்தலாமா?
- ஒரு விவசாயி, நீடாமங்கலம்

பதில்: தவணையை நிறுத்தாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு வேறு, இந்த வழக்கு வேறு. நிறுத்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் பரிசோதனைக்குக் காட்டக்கூட வண்டி இருக்காது.

புது வண்டி திரும்பத் திரும்பப் பழுதானால் மாற்றித் தரச் சொல்லும் 'லெமன் லா' அமெரிக்க மாநிலங்களில் உண்டு. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். பழுதை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு, நஷ்ட ஈடு கொடு என்று எதையும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் 2006-ல் ஒரு கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றுவோம் என்றுதான் வாரன்டி சொல்கிறது, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வண்டியையே கேட்பதானால் இது தயாரிப்பிலேயே உள்ள குறை என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாலு தடவை விட்டேன் என்கிறீர்களே, சர்வீஸில் பழுதை எழுதிக் கொடுக்கும் ஜாப் கார்டு நாலும் இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் பாருங்கள், 'ஜெனரல் செக்கப்' என்று கிறுக்கியிருந்தால் அந்த நடையெல்லாம் வீண். இனிமேல் விடும்போது, "ஆயில் சூடானதும் லிஃப்ட் இறங்குகிறது" என்று எழுதவைத்து, வண்டி ஓடிய நேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டர் எத்தனை மணி காட்டுகிறது என்பதையும் சேர்த்து, கையெழுத்தோடு ஒரு நகல் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். லிஃப்ட் இறங்குவதை ஹவர் மீட்டரும் தெரிகிற மாதிரி போனில் படம் பிடியுங்கள். வெளி மெக்கானிக் யாரையும் லிஃப்டைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்தால் பழி அவர் தலையில் விழும்.

நீங்கள் வாடகைக்கும் ஓட்டுவதால், 'வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சுயதொழிலாகத் தானே ஓட்டுபவரைச் சட்டம் அப்படித் தள்ளுவதில்லை. அந்த ஒரு வரி மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

டீலரையும் தயாரிப்பாளரையும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். சரி, பதில் இல்லையா? ஷோரூம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவோடு, வண்டியை நிபுணர் ஒருவரிடம் காட்டி அறிக்கை பெறவும் கேளுங்கள், அது இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நான் உங்களிடம் அடுத்த குறுவையையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கேள்வி: புது ஸ்கூட்டர், டெலிவரி எடுத்த அன்றே மீட்டரில் 340 கிலோமீட்டர். கேட்டால் 'டெஸ்ட்' என்கிறார்கள்.
- கும்பகோணம் வாசகி

பதில்: குடோனிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டிவந்த சில கிலோமீட்டர் என்றால் சரி. 340 என்றால் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ஓடிய வண்டியைப் புதிது என்று விற்பது சட்டப்படி முறையற்ற வணிகம். மீட்டரைப் படமெடுத்து, இன்றே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, அப்படியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் ஒரு போன் போடுங்கள்.