55 இன்ச் ஆசை, 10 அடிக் காம்பரா

வாசகர் கேள்வி: நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீடு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஓர் அறை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். வீட்டிலிருந்த பழைய பெட்டி டிவி போன மாதத்தோடு நின்றுவிட்டது. தீபாவளிக்கு வரும்போது அம்மாவுக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று 95,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஹட்டனில் ஒரு கடையில் 55 இன்ச் ஸ்மார்ட் டிவி தீபாவளிக் கழிவு போக 174,900 ரூபாய். முற்பணம் இல்லாமல் மாதம் 9,800 ரூபாய்ப்படி 24 மாதம் கட்டலாம் என்கிறார்கள். அதே கடையில் 43 இன்ச் 92,000 ரூபாய். பக்கத்து லயத்தில் 55 இன்ச் வாங்கியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். எதை எடுக்கட்டும், அக்கா?

பதில்:

தம்பி, 43 இன்ச்சை எடுங்கள். கைக்காசு கொடுத்து எடுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அம்மா பக்கத்து லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது உங்களுக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று புரிகிறது. அந்த உறுத்தலோடு கடைக்குப் போனால் 55 இன்ச்சில்தான் கை வைப்பீர்கள். அதனால் போவதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசிவிடுவோம்.

முதலில் காம்பரா. பழைய லயத்துக் காம்பரா என்றால் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளேதான் கட்டில், அலுமாரி, சாமிப் படம், மழைக்காலத்தில் குறுக்கே கட்டின துணிக்கொடி எல்லாம். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் மட்டும் 4 அடி வரும். 43 இன்ச் 3 அடிக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தம்பியோ தங்கையோ இருந்தால் பழைய பேப்பரை ஒட்டி 4 அடிக்கு 2 அடி 3 அங்குலம் வெட்டச் சொல்லி, டிவி வைக்கப்போகும் இடத்தில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமாரிக் கதவு திறக்கிறதா, குசினிக்குப் போகும் வழி அடைபடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நம் வீடுகளில் டிவியை அலுமாரித் தலையில் தூக்கி வைத்துவிடுவார்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்து, பலகையிலோ பாயிலோ உட்கார்ந்து, தலையை அண்ணாந்து இரண்டு மணி நேரம் பார்த்தால் அம்மாவின் கழுத்து என்னாவது? உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு டிவியின் நடுப்பகுதி வர வேண்டும். ஒரு தாழ்வான மேசை போதும். சுவரில் மாட்ட நினைத்தால், பழைய லயத்துச் சுவர் ஆணியைத் தாங்குமா, மழைக்கு ஈரம் ஊறுகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஈரச் சுவரில் ஒட்டினாற்போல் மாட்டவே வேண்டாம்.

அப்புறம், அம்மா எதைப் பார்க்கிறார்? சக்தி, வசந்தம், ரூபவாஹினி, டிஷ்ஷில் வரும் நாடகங்கள், தீபாவளியன்று போடும் புதுப்படம். சாதாரண அலைவரிசையின் படம் 576 வரிகளால் ஆனது. 4கே டிவியின் திரையில் 2160 வரி இருக்கிறது. இல்லாத வரிகளை டிவி தானாக இட்டு நிரப்புகிறது. அந்தப் படத்தை 55 இன்ச்சுக்கு இழுத்து, 7 அடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் முகங்கள் எல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கும். 43 இன்ச்சில் அதே படம் தெளிவாகத் தெரியும். கடையில் ஏன் அப்படித் தெரிவதில்லை என்றால், அங்கே ஓடுவது கம்பெனி கொடுத்த வீடியோ. கடல், கிளி, தேன் சொட்டுவது, எல்லாம் டிவிக்கென்றே எடுத்தவை. ஒரு பென்டிரைவில் உங்கள் அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டு இரண்டை ஏற்றிக்கொண்டு போங்கள். அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் கேபிளிலோ டிஷ்ஷிலோ ஓடும் அலைவரிசையையும் கேளுங்கள். நேராக நின்று பார்த்தது போதாது. ஓரமாகப் போய் நின்றும் பாருங்கள். சில திரைகளில் பக்கவாட்டில் நிறம் வெளுத்துப் போகும். காம்பராவில் எல்லாரும் நேராக உட்கார முடியாதே.

சரி, தவணைக் கணக்குக்கு வருவோம். 9,800 ரூபாயை 24 ஆல் பெருக்கினால் 235,200. கடை விலையோ 174,900. வித்தியாசம் 60,300 ரூபாய். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அது அம்மா 45 நாள் முழுப் பேர், அதாவது முழுநாள் வேலை, போட்ட காசு. டிவியின் விலைக்கு மேலே, வட்டியாக மட்டும் போகிற காசு. தவணையை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள், அம்மா இல்லை, தெரியும். ஆனாலும் அந்த 60,300 ஐ அம்மாவின் கூடையில் வைத்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

பிணைக்காரர் விஷயம் அதைவிடப் பெரிது. தவணைக்கு எடுக்கப் போனால் சம்பளத் துண்டோடு ஒருவரோ இருவரோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். என் உறவில் ஒருவர் பக்கத்து வீட்டுப் பையனின் தவணைக்குப் பிணை நின்றார். பையனுக்கு வேலை போனது. மூன்று மாதம் கட்டவில்லை. கடிதம் வந்தது பிணை நின்றவருக்கு. காசு ஒருவழியாகக் கட்டி முடிந்தது, ஆனால் இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றுவரை இஸ்தோப்பில் நின்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே லயத்தில் நடுவில் ஒரு சுவர் மட்டும் வைத்துக்கொண்டு அப்படி வாழ்வது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். தவணைக் கொள்வனவில் கடைசித் தவணை கட்டி முடியும்வரை பொருள் கடைக்காரருடையது என்பதையும் மனதில் வையுங்கள். கட்டாயம் தவணைதான் என்று வருகிறவர்கள் முழுத் தொகை, தாமதக் கட்டணம், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு குறையும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் விளங்காத மொழியில் இருந்தால், விளங்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கழிவு என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பதை எப்படி நம்புவது? ஒரே வழி, டிவியின் மாடல் நம்பர். அதன் கடைசி எழுத்து வரைக்கும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினால் அது வேறு டிவி. திரை வேறாக இருக்கலாம், வயர் செருகும் துளைகள் குறையலாம், போன வருஷத்து மாடலாக இருக்கலாம். அதே நம்பரை இன்னும் இரண்டு கடையில் கேளுங்கள், இணையத்திலும் பாருங்கள். கொழும்பில் இருப்பதால் இது உங்களுக்குச் சுலபம். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே விலையைப் பார்த்து வைத்தால், வெட்டிப் போட்ட பழைய விலை உண்மையாகவே இருந்ததா என்று தெரியும். கொழும்பில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் நான் ஹட்டனில்தான் வாங்கச் சொல்வேன். பழுது வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள் இல்லை, உங்கள் அம்மா. வாரண்டி எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். திரைக்கும் சேர்த்தா, வேலை எங்கே நடக்கும், வீட்டுக்கு வருவார்களா அல்லது கண்டிக்குக் கொண்டுவரச் சொல்வார்களா என்றும் கேளுங்கள்.

சம்பளமும் தீபாவளி முற்பணமும் தோட்டத்து ஆட்களின் கைக்கு வந்த பிறகு, பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெருக்கடியில் யாரும் உங்களுக்குப் பென்டிரைவ் போட்டுக் காட்ட மாட்டார்கள். ஒரு நாள் லீவு கூட எடுத்துக்கொண்டு, வார நாளில் காலையில் போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசையிருக்கும். ஆனால் ரிமோட்டைப் பிடிக்கப்போவது அவர். கடையிலேயே அவர் கையில் கொடுத்து, மெனுவைத் தமிழுக்கு மாற்ற முடிகிறதா, எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். சத்தத்தையும் அவரையே கேட்கச் சொல்லுங்கள். தட்டை டிவியில் ஸ்பீக்கர் சின்னது, கீழே பார்த்தபடி இருக்கும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது ஒன்றும் கேட்காது. 43 இன்ச் வாங்கிய பின் மிஞ்சும் காசோடு கொஞ்சம் சேர்த்துப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கலாம்.

வீட்டில் பழைய டிஷ் பெட்டி இருந்தால் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் மட்டும் உள்ள பெட்டி என்றால், புது டிவியில் அதைச் செருக இடம் இருக்கிறதா, இல்லை தனியாக ஒரு வயர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். டிவிபி-டி2 (அன்டனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் ஒரு முறை) என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இலங்கை தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற வேறு முறையை. ஸ்மார்ட் வசதி வேண்டுமா என்பது உங்கள் தோட்டத்தில் சிக்னல் எப்படி என்பதைப் பொறுத்தது. பள்ளத்தில் இருக்கும் லயங்களில் போனுக்கே மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். அங்கே அது வெறும் பெயருக்குத்தான்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம், இடி மின்னல். தீபாவளி வருவது ஐப்பசியில். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மலையகத்தில் பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி இறங்கும். அந்த நேரம் அம்மா மலையில் இருப்பார், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுப் போனோம். இடி டிஷ் வயர் வழியாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கருகிய வாடை. போட்டுப் பார்த்தால் டிவி வேலை செய்தது, ஆனால் டிஷ் செருகும் துளை செத்துப் போயிருந்தது. பழுது பார்க்கக் கேட்ட காசில் பாதி டிவி வாங்கலாம். பொதுவாக இடி விழுந்ததற்கு வாரண்டியும் கிடையாது. அன்றிலிருந்து கதவுப் பூட்டை எடுக்கும்போதே இரண்டு வயரும் கழன்றிருக்கிறதா என்று கண் போகும். உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பழக்கத்தை முதல் நாளே காட்டிக் கொடுங்கள். காம்பராவின் வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். ஒரே பிளக்கில் கேத்தல், அயர்ன், டிவி மூன்றையும் கோர்க்க வேண்டாம்.

கரண்ட் பில்லிலும் அளவு பேசும். 43 இன்ச் ஏறக்குறைய 80 வாட் இழுக்கும். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட். 55 இன்ச் 130 வாட் வரை போகும், மாதம் 19, 20 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமில்லை, முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறுகிறது. உங்கள் வீட்டு பில் டிவி இல்லாமல் 45 யூனிட் அளவில் இருந்தால், அந்த 8 யூனிட் வித்தியாசம் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

வாங்கும் நாளில் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்புத் திரை வைத்து, புள்ளி, கோடு, ஓரத்தில் வெளிச்சக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். இரண்டையும் போனிலும் படம் எடுத்து வையுங்கள், பில் மை ஒரு வருஷத்தில் மங்கிவிடும். பிறகு கடைக்காரர் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோவதில்தான் பல டிவி உடைகிறது. படுக்க வைக்கவே கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் ஆட்டோவில் போகும்போது பெட்டியை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், திரைப் பக்கத்தில் முழங்கால் முட்டக் கூடாது. மழையென்றால் மேலே ஒரு ரெட்டைப் போட்டு மூடுங்கள். உடைந்த திரையைக் கடை மாற்றித் தராது. கடையே கொண்டுவந்து இறக்கிக் கொடுக்குமா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே போடாதீர்கள். குளிரில் வந்த பெட்டிக்குள் ஈரம் கோத்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பக்கத்து லயத்துக்காரர்களும் பார்க்க வந்துவிடுவார்கள், அதற்குள் தேத்தண்ணி போட்டுவிடலாம்.