இரண்டு இணைய இணைப்பு எடுத்தால் போதுமா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் குடிநீர் வழங்கும் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். பம்பு நிலையங்களைக் கணினியில்தான் கண்காணிக்கிறோம். வெள்ளம், புயல் வந்தாலும் தொடர்பு அறாமல் இருக்க இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு எடுத்தால் போதுமா?

போதாது. இரண்டு நிறுவனம், இரண்டு பில், இரண்டு ரவுட்டர், எல்லாம் சரி. கேபிள் எந்த வழியால் வருகிறது என்று யாராவது நடந்து பார்த்தீர்களா?

நான் வன்னியில் தொலைத்தொடர்புக் கருவிகள் பராமரிக்கிற ஆள். ஒரு வாடிக்கையாளருக்காகக் கேபிள் வழியைப் பார்த்துக்கொண்டு போகும்போது சின்னப் பாலம் ஒன்றின் கீழே இறங்கினோம். பக்கச் சுவரில் கவ்விப் பூட்டியிருந்த ஒரே இரும்புக் குழாய்க்குள்ளால் இரண்டு நிறுவனத்தின் கேபிளும் போகுது. குழாயின் அடியில் போன மாரித் தண்ணீர் கொண்டுவந்த வைக்கோலும் பொலித்தீனும் சிக்கிக் காய்ந்து கிடந்தது. வெள்ளம் அந்த மட்டத்துக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. அந்தப் பாலம் அள்ளுப்பட்டால் முதன்மை இணைப்பும் மாற்று இணைப்பும் சேர்ந்தே போகும். ஆனால் வாடிக்கையாளரின் கோப்பில் "இரு தனித்தனி இணைப்புகள்" என்று அழகாக எழுதியிருந்தது.

வன்னியில் இது அதிசயமில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் கண்ணிவெடி அகற்றிய நிலத்தில்தான் மண்வெட்டி வைக்கலாம், வீதியோரம்தான் வசதி. ஏ9 வீதியும் ரயில் பாதையும் வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி என்று கிட்டக் கிட்டத்தான் வடக்கே போகின்றன. கேபிளும் அவற்றோடு ஒட்டியே ஓடப் பார்க்கும்.

ஆகவே, எந்த ஒன்று போனால் இரண்டும் போகும் என்பதை முதலில் தேடுங்கள். கேபிளோடு அது முடியாது. மாற்றாக 4ஜி டொங்கிள் வைத்திருக்கிறோம் என்பார்கள். கரண்ட் போனால் டவர் பற்றரி சில மணித்தியாலம் தாங்கும், பிறகு ஜெனரேற்றர், அதுக்கு டீசல், டீசல் வர வீதி. லைன் அறுந்ததென்று மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறிவிக்கவும் அதே டவர்தான் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, ஈய அமிலப் பற்றரிகளுக்கு அதுமாதிரிக் காலம்தான் எமன். முழுதாகச் சார்ஜ் ஏறாமலே நாளாந்தம் வடிந்தால் அவை சீக்கிரம் செத்துப்போகும். உங்கள் நிலையத்துப் பற்றரி எந்த ஆண்டு வாங்கியது, எப்போது லோட் போட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தது என்று ஒருக்கால் கேளுங்கள்.

இடர் வன்னிக்குள்தான் நடக்கவேண்டும் என்றுமில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருண்டது. மழையுமில்லை, காற்றுமில்லை.

மாற்றுவழி உண்மையிலேயே வேறு பக்கத்தால் வரவேண்டும். முல்லைத்தீவுக்கு மாங்குளத்தால் ஏ34, பரந்தனால் ஏ35 இருக்கிறது. கிளிநொச்சி, பூநகரிப் பக்கங்களுக்கு மன்னாரிலிருந்து வரும் ஏ32 இருக்கிறது. அந்தத் திசையால் கேபிள் கிடைக்காவிட்டால் டவருக்கு டவர் கேபிள் இல்லாமல் அலைவழியாகப் போகும் மைக்ரோவேவ் இணைப்புக் கேளுங்கள். 2025 யூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் தொடங்கியபிறகு செய்மதி இணைப்பும் எட்டாத விலையில் இல்லை. பாலம், வீதி எதையும் அது நம்பியில்லை. ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும். சோலார் போடுவதென்றால் வெயில் காணாத மார்கழி நாட்களைக் கணக்கில் வைத்துப் பற்றரி போடுங்கள். விற்கிறவர் சித்திரை வெயிலைத்தான் கணக்குக் காட்டுவார்.

இவ்வளவும் சொன்னாலும், நான் காசு செலவழிப்பதென்றால் முதலில் இணைப்பில் செலவழிக்க மாட்டேன். தொடர்பு அறுந்தால் பம்பு என்ன செய்யும்? கட்டுப்பாட்டு அறையின் கட்டளைக்காகக் காத்து நின்றுவிடுமா? அப்படியென்றால் அதைத்தான் முதலில் மாற்றவேண்டும். தாங்கியின் நீர்மட்டம் பார்த்துத் தானே ஓடவும் தானே நிற்கவும் நிலையத்துக்குள்ளேயே மிதவை சுவிட்சோ பிஎல்சி என்கிற சின்னக் கட்டுப்பாட்டுக் கணினியோ முடிவெடுக்கட்டும். கட்டுப்பாட்டு அறை வேடிக்கை பார்த்தால் போதும். உயரத் தாங்கி நிரம்பியிருந்தால் கரண்டும் இணையமும் இல்லாமலே தண்ணீர் இறங்கும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் (bar) அழுத்தம். கிளிநொச்சியில் யுத்தத்தில் சரிந்து கிடந்த தாங்கியைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள், நிற்கிற தாங்கியைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. புரேவி, டித்வா போன்ற புயல்களுக்கு முன்னறிவிப்பு வந்தது. அந்த அவகாசத்தில் தாங்கிகளை விளிம்புமட்டும் நிரப்புவதும், ஜெனரேற்றருக்கு டீசல் இறக்குவதும், வால்வு திறக்கிற ஆளைப் பாலத்துக்கு நிலையம் இருக்கிற பக்கம் கொண்டுவந்து தங்கவைப்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கியபிறகு ஆளை அனுப்ப யோசிப்பதில் பயனில்லை.

தரவுப் பிரதி பற்றி: ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும், திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கட்டும். வால்வு வரைபடம் மட்டும் கடதாசியில், பிளாஸ்டிக் உறையில், ஒவ்வொரு நிலையத்திலும். கபினற்றுக்குள் பற்றரியை அடித்தட்டில் வைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், வெள்ளம் முதலில் தொடுவது அதைத்தான்.

கடைசியாக ஒத்திகை. புரட்டாதியில், வேலைநாளில், மெயின் சுவிட்சையும் இரண்டு ரவுட்டரையும் நிற்பாட்டிவிட்டு மாலைவரை ஓட்டிப் பாருங்கள். மேலிடம் ஆயிரம் காரணம் சொல்லும். ஐப்பசி மழை தொடங்கினால் ஒருவரும் சுவிட்சில் கை வைக்க விடமாட்டார்கள், அதனால் அனுமதிக் கடிதத்தை ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள்.