ஹார்பா 2007-ல் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சா?

ஜான் ஹார்பா 1998 முதல் 2007 வரை ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஸ்பெஷல் டீம்ஸ் (உதை ஆட்டங்களுக்கான பிரிவு) கோச் என்று உங்கள் கட்டுரையில் எழுதியதை ஒருவர் 2006 என்று திருத்தியிருக்கிறார்; 2007 சரியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, 2006-ஓடு நிறுத்துங்கள். உங்கள் "1998–2007" வரியைத் திருத்தியவர் சொன்னதே சரி.

ஜான் ஹார்பா ஈகிள்ஸில் இருந்த மொத்தக் காலத்தையும் ஒரே பதவியாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 2007-ல் அவர் தடுப்பாட்டத்தின் பின்வரிசைக்குப் பயிற்சியாளர். அந்த ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள். உதைப் பிரிவிலேயே இருப்பவரைத் தலைமைப் பயிற்சியாளராக்க அணிகள் தயங்கும். அந்த மாற்றத்துக்குப் பிறகே 2008-ல் ரேவன்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது.

சந்தேகமிருந்தால் ஈகிள்ஸின் 2006, 2007 பயிற்சியாளர் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், அவருடைய ரேவன்ஸ் வென்ற சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம்) வருடத்தில் கவனம். 2012 சீசன், ஆட்டம் 2013 பிப்ரவரியில். கடைசி நொடிகளில் ரேவன்ஸ் பன்ட்டர் (பந்தை உதைத்து அனுப்பும் வீரர்) பந்தோடு தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே (தன் அணி காக்கும் மைதானக் கடைசிப் பகுதி) ஓடி நேரத்தைக் கரைத்து, வேண்டுமென்றே எதிரணிக்கு 2 புள்ளி கொடுத்தார், முடிவு 34–31, ரேவன்ஸுக்கு வெற்றி. அதையும் கட்டுரையில் சேருங்கள், அசல் ஸ்பெஷல் டீம்ஸ் மூளை அது.