ஈசிஜி நார்மல் என்றால் போதுமா?

வணக்கம் அண்ணா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 23 வயது. ஆணழகன் போட்டிக்காக எட்டு மாதமாக ஸ்டெராய்டு 'கோர்ஸ்' போடுகிறான். வாரம் இரண்டு ஊசி, கூடவே மாத்திரை. இப்போது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஈசிஜி எடுத்தோம், நார்மல். ஊசி விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. "ஈசிஜியே நார்மல், அப்புறம் என்ன பயம்?" என்கிறார் ஜிம் மாஸ்டர். நம்பலாமா?

- ஓர் அக்கா

அன்புச் சகோதரிக்கு,

நம்பாதீர்கள். படுத்திருக்கும் சில நொடிகளில் இதயத்தில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதைத்தான் ஈசிஜி காட்டும். இதயச் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதையெல்லாம் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிற பையனுக்கு அதை எடுக்காமல் விடக்கூடாது.

டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலால் என்று எந்த ஸ்டெராய்டானாலும், தோளையும் தொடையையும் மட்டும் தேடிப்போய் வளர்ப்பதில்லை. இதயமும் தசைதான். இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. உள்ளே தழும்பும் விழலாம். கடும் பயிற்சியாலும் வீரர்களின் இதயம் பெரிதாகும். ஆனால் அது நன்றாக விரிந்து சுருங்கும், பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். மருந்தால் கெட்ட இதயம் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடை தூக்கும் 140 ஆண்களைப் பரிசோதித்தார்கள். ஸ்டெராய்டு போடாதவர்களின் இடது கீழறை, நிரம்பிய ரத்தத்தில் சராசரியாக 63 சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளியது. போட்டவர்களுக்கு 52தான். வாழ்நாளில் எவ்வளவு அதிகம் போட்டார்களோ, இதய ரத்தக்குழாயில் அவ்வளவு அதிகமாகக் கொழுப்பு படிந்திருந்தது.

மாத்திரை, நல்ல கொழுப்பை மளமளவென்று இறக்கிக் கெட்ட கொழுப்பை ஏற்றும். பிரஷர் கூடும். சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகும், உறையவும் வாய்ப்பு அதிகம். 23 வயதிலும் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: பயிற்சிக்கு முன் மெபென்டர்மின் ஊசி போடுகிறானா? மயக்க மருந்து கொடுக்கும்போது பிரஷர் இறங்கிப்போன நோயாளிக்கு, மருத்துவமனையில் கண்காணிப்போடு போடுவது அது. ஏற்கெனவே தடித்த இதயத்தோடு அதையும் ஏற்றிக்கொண்டு வெயிட் தூக்குவதை நினைத்தாலே பதறுகிறது.

குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த வடசென்னையில் ஒரு பையன் உடம்பை வளர்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அந்த ஆசையைக் காசாக்குகிறவர்கள் மேல்தான் என் கோபம். அவனைத் திட்டாதீர்கள், திட்டினால் ஒளிப்பான்.

ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், இதயப் பிரிவு இருக்கிறது. போட்ட ஊசியின் குப்பி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். எக்கோவோடு ரத்தக் கொழுப்பு, சிவப்பணு அளவு, ஈரல் பரிசோதனைகளையும் கேளுங்கள். ஊசியை நிறுத்தினால் உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் சுரக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சோர்வும் மனச்சோர்வும் வாட்டும். பலர் மறுபடி ஊசிக்குப் போவது அந்த நேரத்தில்தான். அதனால் டாக்டர் துணையோடு நிறுத்தட்டும்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஜிம்முக்கு அனுப்பாதீர்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயங்கி விழுவது என்று எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எக்கோ முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.