டெக்சாஸா, ஸ்டுட்கார்ட்டா?

அன்புள்ள அக்கா,

நான் திருப்பூர்க்காரி. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாகச் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆர்.ஓ., அதில் ஒதுங்கும் தண்ணீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் பக்கம்தான் என் ஷிப்ட். கழிவுநீர் பற்றி மேலே படிக்க ஆசை. இப்போது இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று டெக்சாஸில் எம்.எஸ். இரண்டு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 55 லட்சம் ஆகும். இன்னொன்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில், காற்று மாசு, திடக்கழிவு, கழிவுநீர் மூன்றும் சேர்ந்த முதுகலைப் படிப்பு.

வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டல்லாஸில் இருக்கும் பெரியப்பா மகன், "ஜெர்மனிக்குப் போனால் பாஷை தெரியாமல் முழிப்பாய். இங்கே வந்தால் இரண்டே வருடத்தில் கடனை அடைத்துவிடலாம்" என்கிறார். ஜெர்மனியிலும் முன்கூட்டியே 12 லட்சம் கட்டச் சொல்கிறார்களாமே? நீங்கள் அங்கே படித்தவர். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

ஸ்டுட்கார்ட்டுக்குப் போங்கள். ஆனால் இந்த வாரமே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். இரண்டாவதைச் செய்ய முடியாது என்றால் முதலாவதையும் நான் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த 12 லட்சம். அது கட்டணம் இல்லை. 11,904 யூரோவை உங்கள் பெயரிலேயே ஒரு முடக்கக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோவாக அது உங்கள் கைக்கே திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில்தான் நடக்கும். ஸ்டுட்கார்ட்டில் வாடகை அதிகம் என்பதால் இழுத்துப் பிடித்துத்தான் செலவு செய்ய வேண்டும். கட்டணம் என்று பார்த்தால், பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பல மாநிலங்களில் அதுவும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் வரும். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு என்பதால் அதில் ஒரு பகுதியை நீங்களே சம்பாதித்துவிடலாம். (ஐரோப்பா என்றாலே மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர்ப் படிப்புக்குப் பேர்போன நெதர்லாந்தில் நமக்கான கட்டணம் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.)

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அவருக்கு நடந்ததை நம்பி உங்கள் அப்பா பத்திரத்தைக் கொடுக்க முடியாது. எம்.எஸ். முடித்ததும் அமெரிக்காவில் 12 மாதம் வேலை பார்க்கலாம், உங்கள் துறைக்கு இன்னும் 24 மாதம் கூட்டித் தருவார்கள். அதற்குள் எச்-1பி என்ற வேலை விசா கிடைக்க வேண்டும். அது வருடத்துக்கு 85,000 பேருக்கு மட்டும், அதுவும் குலுக்கலில். வேலை தேடும்போதும் முதல் 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். அமெரிக்காவிலேயே படித்து விசா மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அப்புறம்தான் வந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் யாரும் தூங்கவில்லை. 55 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு ஐந்தரை லட்சம். குலுக்கலில் பெயர் வரவில்லை என்று அந்த வட்டி நிற்காது.

ஜெர்மனியில் படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அதுவரை ஹோட்டலிலோ கிடங்கிலோ எந்த வேலையும் பார்த்துக்கொள்ளலாம். குலுக்கல் கிடையாது. படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் தங்கலாம், கிடைக்காவிட்டாலும் வீடு உங்களுடையதாகவே இருக்கும்.

அமெரிக்கா வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிதான் உங்கள் ஆசை என்றால் அதைப் போல இடம் இல்லை. அங்கே பி.இ., பி.டெக். முடித்தவர்களை நேரடியாகப் பிஎச்.டி.க்கு எடுப்பார்கள். நல்ல துறைகளில் கட்டணத்தை அவர்களே ஏற்று, மாதச் சம்பளமும் தருவார்கள். ஐந்தாறு வருடம் ஆகும், ஆனால் வீட்டிலிருந்து ஒரு ரூபாய் போகாது. நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வழி தெரிவதே இல்லை, எம்.எஸ். ஒன்றுதான் வாசல் என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் இந்த வருடம் விட்டுவிட்டு, அடுத்த வருடம் அதற்கு விண்ணப்பியுங்கள். இரண்டு வருடம் எவாப்பரேட்டர் பக்கத்தில் நின்றவர் என்பதைப் பேராசிரியர்கள் மதிப்பார்கள்.

இப்போது பாஷை. இதில் உங்கள் அண்ணன் சொல்வது சரி. ஸ்டுட்கார்ட்டில் உங்கள் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். சுத்திகரிப்பு நிலையம் ஆங்கிலத்தில் நடக்காது.

2013-ல் நான் ஒரு சின்ன ஊரின் சுத்திகரிப்பு நிலையத்தில் பயிற்சிக்குப் போனேன். நுண்ணுயிர்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையின் கணக்கெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே ஓய்வு பெறப்போகும் வயதில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். ஒரு நாள் காலை தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டி, "ஷீபர் ட்ஸூ! ஷீபர் ட்ஸூ!" என்று கத்தினார். நான் தலையாட்டிச் சிரித்தேன். ஷீபர் என்றால் கேட் வால்வு. அதை மூடு என்கிறார். அவர் சுற்றி ஓடி வந்து மூடுவதற்குள் நடைபாதை முழுக்கச் சேறு. அவர் திட்டவில்லை. ஹோஸை எடுத்துக் கழுவினார், நானும் கூட நின்று கழுவினேன். ஆனால் மறுநாள் முதல் எந்த வேலையையும் கூட இருந்த ஜெர்மன் மாணவனிடம்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த வேலைகூட என்னைத் தாண்டிப் போனது. அன்று ராத்திரி அழுதுகொண்டே ஒரு நோட்டில் முப்பது வார்த்தை எழுதினேன். ஷ்லாம் என்றால் ஸ்லட்ஜ், அதாவது சேறு. பும்பே என்றால் பம்ப். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

விமானம் ஏறுவதற்கு முன் ஜெர்மனில் ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்துவிடுங்கள். படிப்பு முடியும்போது, வேலையிடத்தில் தடையில்லாமல் பேசும் அளவுக்கான பி2 நிலை கையில் இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு அந்த 18 மாதத்தையும் தேடியே கழித்தவர்களை எனக்குத் தெரியும். எல்லோரும் உங்களைப் போல நன்றாகப் படித்தவர்கள்.

இன்னொன்று, பரீட்சை. நம் ஊரில் அரியர் வைத்தால் மறுபடி மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனியில் பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்தை இரண்டு முறை, மிஞ்சிப்போனால் மூன்று முறை எழுதலாம். அதிலும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்தது. இன்டர்னல் மார்க் வந்து காப்பாற்றாது. என் முதல் பரீட்சையில் எனக்கு 5.0 வந்தது. அங்கே 1.0தான் உச்சம், 5.0 என்றால் தோல்வி. முதல் செமஸ்டரிலேயே நிறையப் பாடம் எடுக்கப் பேராசைப்பட வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கு பியூஸ்னாவ் என்ற இடத்தில் சொந்தமாகவே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, கற்பிக்கவும் ஆராயவும். போன முதல் மாதமே அங்கே போய் வேலை கேளுங்கள். ஆர்.ஓ.வில் ஒதுங்கும் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த கலப்பு உப்பு உங்கள் நிலையத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்குமே, அதைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள். நொய்யல் ஓரத்தில் வளர்ந்தவருக்கு அதைப் பற்றிப் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும், நான் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா